ஆண்டீஸ் – காட்பாடி, வழி: ஆம்பூர்

வேலூர்ப் பக்கம் பெண் கொடுத்தவர்களே கத்திரி வெயிலில் மகளைப் பார்க்க வரமாட்டார்கள். "ஆடியில வந்து கூட்டிட்டுப் போறோம்" என்று போனிலேயே முடித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு, 25 டிகிரியைத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கிற ஒரு பிராணியை, சித்திரை மாதம், பெங்களூரிலிருந்து காரில் கொண்டுவர ஒரு ஆள் வேண்டுமென்றால், என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.

பிராணியின் பெயர் சின்சில்லா. பூர்வீகம் தென் அமெரிக்கா, சிலி நாட்டு ஆண்டீஸ் மலை. காது முயலுடையது, வால் அணிலுடையது, மீசை எங்கள் பழைய மானேஜருடையது. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் என் மகள் வளர்த்து வந்தாள். என்ன விலைக்கு வாங்கினாள் என்பது எனக்குத் தெரியும். என் மனைவிக்குத் தெரிந்த விலையில் இரண்டு சைபர் குறைவு. பஞ்சு என்று பெயர் வைத்திருக்கிறாள், பெண். மகளை ஆபீசில் ஆறு மாதம் ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள். "அப்பா, அதுவரைக்கும் பஞ்சுவை நீங்க வச்சுக்கணும்" என்றாள். 'யோசிச்சுச் சொல்றேன்' என்று நான் வாயைத் திறப்பதற்குள், "அதுக்கென்னம்மா, அனுப்பு" என்றாள் என் மனைவி. எங்கள் வீட்டில் நான் யோசிக்கும் காரியங்கள் எல்லாம் இப்படித்தான் முடியும்.

நான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் அசார்ட்மென்ட் பார்த்து ரிடையர் ஆனவன். வந்து குவிகிற தோலை மேஜையில் விரித்து, தடவி, திருப்பி, கத்தி பட்ட இடம், உண்ணி கடித்த தழும்பு, முள்வேலி கிழித்த கோடு எல்லாம் பார்த்து, இது ஒன்றாம் நம்பர், இது இரண்டு, இது ரிஜெக்ட் என்று பிரித்துப் போடுவது வேலை. ஆயுசு முழுக்கத் தோலைத் தடவிய கை சும்மா இருக்குமா? பஞ்சுவை முதல்முதலாகப் பார்த்தபோது என் கட்டைவிரல் தானாகப் போய் அதன் முதுகு முடியை எதிர்ப்பக்கமாகத் தள்ளிப் பார்த்தது. "அப்பா, கிரேடு போடாதீங்க" என்று மகள் முறைத்தாள். அதற்குள் போட்டாகிவிட்டது. ஒன்றாம் நம்பர்.

சும்மா சொல்லவில்லை. அந்தப் பிராணிக்கு ஒரு மயிர்க்காலிலிருந்து 60 முடி வரை கிளம்புகிறது. எனக்கு 60 மயிர்க்காலுக்கு ஒரு முடி. இந்த அடர்த்திதான் அதற்கு வந்த வினை. ஒரு முழுநீளக் கோட்டுக்கு நூற்றுக்கு மேற்பட்ட தோல் வேண்டும் என்று வேட்டையாடியே ஏறக்குறையத் தீர்த்துவிட்டார்கள். 1910-ல் சிலி, பெரு, பொலிவியா, அர்ஜென்டினா நான்கும் உட்கார்ந்து பேசித் தடை போடும்படி ஆயிற்று. வெயில் ஆகாததற்கும் இதே முடிதான் காரணம். வியர்க்காது, போர்த்தியிருக்கும் கம்பளியைக் கழற்றவும் வழியில்லை. இதைக் கொண்டுபோய் ஆயுசோடு வைத்துக் காப்பாற்று என்று தோல்காரன் கையில் கொடுக்கிறாள் என் மகள்.

ரயிலில் போகலாம் என்பதுதான் என் முதல் யோசனை. பெங்களூரிலிருந்து விடியற்காலை லால்பாக் ஏறினால் வெயில் முற்றுவதற்குள் காட்பாடி. ஆனால் ரயில்வேயில் நாயையே கூட உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டுமென்றால் ஏசி முதல் வகுப்பில் முழு கூப்பேயையும் எடுக்க வேண்டும். லால்பாக்கில் கூப்பே ஏது? இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டு. "பஞ்சுவை நாய்க்கூண்டுலயா?" என்று மகள் கேட்ட கேள்வியில், அந்தக் கூண்டில் போக வேண்டியது யார் என்பது தெளிவாக இருந்தது. கார் என்று முடிவாயிற்று.

அப்புறம் விதிகள் வந்தன. வாட்ஸப்பில், குரல் பதிவாக, ஒன்றன்பின் ஒன்றாக. தண்ணீர் தெளிக்கக் கூடாது. அந்த முடி நனைந்தால் லேசில் காயாது, உள்ளே பூஞ்சை பிடிக்கும். பழம் கூடாது, கொட்டை வகை கூடாது, காய்ந்த புல் மட்டும். அதுவும் இப்போது தின்கிற அதே பாக்கெட் புல். பயண நாளில் புது உணவு கொடுத்தால் வயிறு நின்றுவிடும். பிளாஸ்டிக் பெட்டி கூடாது, கடித்தே வெளியே வந்துவிடும். ஐஸாக உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கூண்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். உள்ளே படுக்க ஒரு கிரானைட் பலகை. ஏசி காற்று நேராக மூஞ்சியில் அடிக்கக் கூடாது. காது சிவந்தால் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். பாட்டு கூடாது, ஹாரன் கூடாது, வெளியே எடுத்து யாருக்கும் காட்டக் கூடாது.

எல்லாவற்றையும் வடிகட்டினால் மிஞ்சுவது ஒன்றுதான்: சும்மா விட்டுவிடு. வந்தவரைச் சும்மா விடுவது என்பது எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக யாருக்கும் வராத கலை. சாப்பிட்டுவிட்டு வந்த விருந்தாளியையும் இரண்டாவது முறை சாப்பிட வைத்துத்தான் அனுப்புவோம். தூங்குகிறவரைத் தட்டி எழுப்பி "தூக்கம் வருதா?" என்று கேட்கிற வம்சம்.

கிரானைட் சுலபமாகக் கிடைத்தது. சமையல் மேடை போட்டபோது மிஞ்சிய துண்டு ஒன்று மாடியில் கிடந்தது, கிருஷ்ணகிரிக் கல். அதைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் போனோம். அங்கே பயிற்சி ஓட்டம். பிராணியை ஒரேயடியாக நெடுந்தூரம் கொண்டுபோகக் கூடாதாம். முதலில் நிற்கிற காரில் கூண்டை வைத்துப் பழக்க வேண்டும், பிறகு கொஞ்சம் ஓட்டிப் பழக்க வேண்டும். ஆகையால் ராத்திரி எல்லோரும் அடங்கிய பிறகு, மகளுடைய அபார்ட்மென்டின் அடித்தளத்தில், மனைவியும் கூண்டும் பின் சீட்டில் இருக்க, பத்து கிலோமீட்டர் வேகத்தில் தூணைத் தூணைச் சுற்றினேன். வாட்ச்மேன் முதலில் தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு கிட்டே வந்து, "பார்க்கிங் தெரியலயா சார்?" என்று டார்ச் அடித்தார். "எலிக்கு கார் பழக்கறோம்" என்று என் மனைவி உண்மையைச் சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து அந்த அபார்ட்மென்டில் யாரும் எனக்கு வணக்கம் சொல்வதில்லை.

இன்னொரு விதி, கூண்டுக்குள் இருக்கும் துணியைத் துவைக்கக் கூடாது என்பது. பழகிய வாசனை கூடவே வந்தால்தான் புது இடத்தில் பயம் குறையுமாம். புறப்படுவதற்கு முந்தின இரவு அந்தத் துணி மாடிக் கொடியில் மல்லிகை வாசனையோடு ஆடிக்கொண்டிருந்தது. "அழுக்குத் துணியோட ஊருக்குக் கூட்டிட்டுப் போனா அத்தை என்ன நினைப்பாங்க?" என்றாள் மனைவி. அத்தை என்பது என் அம்மா. மகள் ஒன்றும் பேசாமல், தான் போட்டிருந்த பழைய டீ-ஷர்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேறு மாற்றிக்கொண்டாள்.

விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். காரை முன்கூட்டியே குளிரவைத்து 22-ல் வைத்திருந்தோம். என் தலையில் மப்ளர், மனைவிக்கு ஸ்வெட்டர், மேலே ஒரு சால்வை. சித்திரை மாதத்தில் காட்பாடிக்காரர்கள் இருவர் பல் கிட்டிக்கொண்டு ஓசூர் ரோட்டில் போகிற காட்சியை யாரும் பார்க்கவில்லை என்பது ஒரு ஆறுதல். ஹாரன் அடிக்காமல் ஓசூர் ரோட்டில் கார் ஓட்ட வேண்டும் என்ற விதியை எழுதியவர் ஆண்டீஸ் மலையிலேயே இருப்பவராகத்தான் இருக்க வேண்டும். நான் கண்ணாடியை இறக்கி, "அண்ணா, கொஞ்சம் வழி" என்று வாயால் கேட்டுக்கொண்டே போனேன்.

கிருஷ்ணகிரியைத் தாண்டி நல்ல சாலை. கால் தானாக அழுந்தியது. பின் சீட்டிலிருந்து, "சாப்மன் ஞாபகம் இருக்கட்டும்" என்று குரல் வந்தது.

சாப்மனை நான் மறக்க முடியாது. எங்கள் வீட்டில் அவர் இப்போது மாமனார் ஸ்தானம். மத்தியாஸ் சாப்மன் சிலியில் செப்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த அமெரிக்க இன்ஜினியர். சின்சில்லாக்களைப் பிடித்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோக அரசாங்கத்திடம் அனுமதி வாங்கினார். மலை உச்சியிலிருந்து நேரே கடற்கரைக்கு இறக்கினால் சூட்டிலேயே செத்துவிடும் என்று தெரிந்தவர். அதனால் கொஞ்சம் கீழே இறக்குவார், அந்த உயரத்துக்கு அவை பழகும்வரை அங்கேயே நிற்பார், மறுபடி கொஞ்சம் இறக்குவார். இப்படி ஏறக்குறைய ஒரு வருஷம். கப்பலில் கூண்டுகளைச் சுற்றி ஐஸ் கட்டி வைத்துக் காவல் காத்து, 1923-ல் 11 உருப்படியை கலிபோர்னியாவில் கரை இறக்கினார். இன்றைக்கு உலகத்தில் வீடுகளில் வளர்கிற சின்சில்லாக்கள் பெரும்பாலும் அந்தப் பதினொன்றின் வாரிசுகள் என்கிறார்கள்.

"அந்த மனுஷன் ஒரு வருஷம் பொறுமையா இறங்கினார். உங்களால எண்பதுக்குக் கீழே போக முடியலையா?" என்பது என் மனைவியின் வாதம். பெங்களூர் 900 மீட்டர் உயரம், எங்கள் ஊர் 200 சொச்சம். இதை நானும் படிப்படியாகத்தான் இறங்க வேண்டுமென்றால் பர்கூரில் ஒரு வீடு, நாட்றம்பள்ளியில் ஒரு வீடு என்று வாடகைக்கு எடுத்துக்கொண்டே வர வேண்டும். வழியில் ஏலகிரிக்கு ஏறிக் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாமா என்று அவள் கேட்டது கிண்டலா நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சும்மா விடு என்ற விதி இருக்கிறதே, அதைக் காப்பாற்றுவதற்காக என் மனைவி அடிக்கடி போன் டார்ச்சை அடித்துப் பஞ்சுவின் காதைப் பார்த்தாள். "தூங்கறியாடா கண்ணு?" என்று வேறு. தூங்கினால் எழுப்பினாள். ஒரு கட்டத்தில் உள்ளேயிருந்து நாய்க்குட்டி குரைக்கிற மாதிரி ஒரு சத்தம். சின்சில்லா எரிச்சலானால் அப்படிக் குரைக்கும். "பாருங்க, வண்டி குலுங்குதுன்னு திட்டுது" என்றாள். நான் வேகத்தை இன்னும் குறைத்தேன். எங்களைத் தாண்டிப் போன வைக்கோல் டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்து, ஏதாவது பஞ்சரா என்று சைகையில் கேட்டார்.

ஆம்பூரில் டீக்கு நிறுத்தினேன். அப்போதுதான் வெளுத்துக்கொண்டு வந்தது. நிறுத்தியிருக்க வேண்டியதில்லை; ஆனால் ஆயுசெல்லாம் வேலை பார்த்த ஊர், கார் தானாகவே நின்றது. மனைவி உள்ளேயே இருந்தாள். நான் இரண்டு டீ வாங்கித் திரும்புவதற்குள் காரைச் சுற்றி நாலைந்து பேர்.

"இன்னாண்ணா இது, முயலா?"

"வாலைப் பாரு, அணிலு."

"மூஞ்சு எலி மாதிரி கீதே."

பச்சைத்தோல் லாரியோடு வந்தவர் ஒருவர் இறங்கி வந்தார். பழைய பழக்கம், என்னோடு சேர்ந்து தோல் பார்த்தவர், நாங்கள் பாய் என்றே கூப்பிடுவோம். கண்ணாடிக்குக் கிட்டே குனிந்து, தொழில் முறையில் பார்த்தார். பார்த்தவர் என்னைப் பார்த்துக் குரலை இறக்கி, "சைஸ் சின்னது. ஆனா சரக்கு முதல் தரம்பா. எத்தனை உருப்படி வருது?" என்றார்.

"இது விக்கிறதுக்கு இல்ல பாய். மகள் வளர்க்கறா."

நம்பவில்லை. கண்ணாடியை இறக்கச் சொன்னார். என் மனைவிக்கு வந்தவர் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை, இறக்கினாள். பாய் விரலை நீட்டினார், முடியை எதிர்ப்பக்கம் தள்ளிப் பார்க்கத்தான். நான் செய்த அதே காரியம். பஞ்சு பின்னங்காலில் எழுந்து நின்றாள். சின்சில்லாக்களில் பெண்ணுக்குப் பிடிக்காதவர் கிட்டே வந்தால் குறிபார்த்து மூத்திரம் அடிக்கும் என்று மகளுடைய குரல் பதிவில் இருந்தது. சட்டைக் கையில் சரியாக விழுந்தது. பாய் அசரவில்லை. டேனரியில் இதைவிடக் கடுமையான நாற்றமெல்லாம் பார்த்தவர். கையைத் துடைத்துக்கொண்டு, "உயிரோட இருந்தா இதான்பா தொல்லை" என்று சொல்லிவிட்டு லாரி ஏறினார்.

காட்பாடி வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் வேலையை ஆரம்பிக்கவில்லை. பால் வாங்க ஸ்டேஷன் பக்கம் நிறுத்தினோம். மனைவி கூண்டின் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி மடியில் வைத்திருந்தாள்; கண்ணெல்லாம் சிவந்து, ஸ்வெட்டரோடு, ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். கொல்கத்தாவிலிருந்தும் கவுகாத்தியிலிருந்தும் வேலூர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை விடியவிடிய ஏற்றி இறக்குகிற ஆட்டோக்காரர் ஒருவர் மரியாதையோடு கிட்டே வந்து, மடியில் இருப்பதைப் பார்த்து, மெல்லிய குரலில் கேட்டார்: "சிஎம்சியா மேடம்? குழந்தைக்கா?"

காந்தி நகரில் எங்கள் தெரு விழித்திருந்தது. வாசலில் என் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். கூண்டுத் துணியை விலக்கிப் பார்த்து, "இன்னாடா இது, மூஞ்சூறு?" என்றாள். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிள்ளையாரின் வாகனம் வீடு தேடி வந்திருக்கிறது. கற்பூரம் கொளுத்தாமல் எப்படி? புகை ஆகாது அம்மா என்றேன். சரி, திருநீறாவது வைக்கிறேன் என்றாள். தொடக் கூடாது அம்மா என்றேன். "அப்போ வாயில ஒரு முந்திரி?" என்றாள். முந்திரி அதற்கு விஷம் என்றதும், என்னை ஏற இறங்கப் பார்த்து, "முந்திரி விஷமா? உனக்கு வெயில் ஏறிப்போச்சு" என்று உள்ளே போய்விட்டாள்.

படுக்கை அறையில் ஏசி போட்டுக் கூண்டை ஓர் ஓரமாக வைத்தோம். இனி ஒருநாள் முழுக்க யாரும் கிட்டே போகக் கூடாது, அமைதி, அரை இருட்டு. அமைதி கால் மணி நேரம் இருந்தது. பக்கத்து வீட்டு மாமா வந்தார். ஆட்டுக்குட்டி, நாய், பூனை எல்லாம் வளர்த்துப் பார்த்தவர், யாரும் கேட்காமலேயே உதவுகிறவர். நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் கூண்டைத் திறந்து, "இப்படித்தான் பிடிக்கணும்" என்று என் மனைவிக்குச் செய்து காட்டியிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது பஞ்சு கட்டிலுக்கு அடியில். மாமாவின் கையில் ஒரு கொத்து முடி.

இங்கேதான் என் உயிர் போனது. தோல் தொழிலில் முடி கையோடு வருகிறது என்றால் ஒரே அர்த்தம்தான். உப்பு சரியாகப் போடாத பச்சைத்தோல் உள்ளுக்குள் அழுக ஆரம்பித்தால் முதலில் மயிர்க்கால் தளரும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் கொத்தாகக் கையோடு வரும். வந்தால் பேச்சே கிடையாது, தூக்கி ஓரமாகப் போட வேண்டியதுதான். எத்தனை தோலை அப்படி இழுத்துப் பார்த்து ரிஜெக்ட் போட்டிருக்கிறேன்! அந்தப் பழக்கத்தில் என் வாய் தானாக, "போச்சு, அழுகிடுச்சு" என்று சொல்லிவிட்டது. மனைவி அழ ஆரம்பித்தாள். மாமா கொத்து முடியை எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நழுவினார்.

மகளுக்குப் போன் போட்டேன். விமான நிலையத்தில் இருந்தாள். பயந்தால் சின்சில்லா தன் முடியைத் தானாக விட்டுவிடுமாம். மலையில் நரியோ ஆந்தையோ பிடித்தால், அவற்றிடம் மிஞ்சுவது முடி மட்டும், ஆள் தப்பித்துவிடும். கொஞ்ச மாதத்தில் திரும்ப முளைத்துவிடும். "அது ஆரோக்கியம்தான்பா, ரிஜெக்ட் இல்ல" என்றாள். அப்புறம் மெதுவாக, "யார் பிடிச்சது?" என்று கேட்டாள். விமானத்தில் ஏறச் சொல்லி அறிவிப்பு வந்ததால் நான் பிழைத்தேன்.

பகல் முழுக்கப் பஞ்சு புல்லைத் தொடவில்லை. இது முடியைவிடப் பெரிய கவலை. இந்த ஜாதிக்கு வயிறு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் வாயு கட்டி ஆபத்து. தின்கிறதா என்று கண்டுபிடிக்க உத்தமமான வழி புழுக்கையைப் பார்ப்பது. நல்ல நிலையில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் போடும். ஆகவே, ஒரு காலத்தில் ஏற்றுமதிச் சரக்குக்குக் கையெழுத்துப் போட்ட நான், ராத்திரி இரண்டு மணிக்குத் தரையில் குப்புறப் படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, எலிப்புழுக்கை எண்ணினேன். ஜெர்மனியிலிருந்து வீடியோ கால். "அப்பா, எத்தனை? சைஸ் சின்னதா இருக்கா? காய்ஞ்சிருக்கா?" பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம் என்று பிரித்து வைத்துக் காட்டினேன். அசார்ட்மென்ட் கை விட்டுப்போகவில்லை.

பொழுது விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே கரகர என்று சத்தம். புல் தின்கிற சத்தம். அப்புறம் சாம்பல் குளியல். தண்ணீரில் குளிக்காத பிராணி; எரிமலைச் சாம்பல் மாதிரியான நுண்ணிய பொடியில் புரண்டு முடியிலிருக்கும் எண்ணெய்ப் பசையைப் போக்கிக்கொள்ளும். குளிக்க இறங்கியது என்றால் பயணக் களைப்பு தீர்ந்தது என்று அர்த்தமாம். சந்தோஷத்தில் கிட்டே குனிந்தேன். அறை முழுக்கப் பொடி. என் மூக்கு, காது, மப்ளர் எல்லாம் பொடி. சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த அம்மா, வெள்ளையாக நிற்கும் என்னைப் பார்த்து, "வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு, மொத்தத் திருநீறையும் நீயே பூசிக்கிட்டியா?" என்றாள்.

உள்ளே வந்தவள் வெளியே போகவில்லை. ஏசிக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றாள். அம்மா பல வருஷமாக ஏசி கேட்டு, எலும்புக்கு ஆகாது என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கதை தெருவுக்கே தெரியும். இந்த ஏசி பஞ்சுவுக்காக வாங்கியது. "எனக்கு ஆகாத ஏசி மூஞ்சூறுக்கு மட்டும் ஆகுதா?" என்று கேட்டாள். பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே தன் பாயையும் தலையணையையும் கொண்டுவந்து போட்டுவிட்டாள். மறுநாள் என் மனைவியும் கட்டிலின் மறுபாதியைச் சொந்தம் கொண்டாடினாள். மூன்று பெண்களும் 22 டிகிரியில். நான் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில், கத்திரி வெயிலோடு.

இப்போது மகள் திரும்பி வரும் தேதி சொல்லிவிட்டாள். மறுபடி பெங்களூர்ப் பயணம், மறுபடி விதிகள். அம்மாவும் வருகிறாள், மூஞ்சூறு தனியாகப் போனால் பயந்துகொள்ளுமாம். காரில் அம்மாவுக்குக் குமட்டும் என்பதால் முன் சீட்டு அவளுக்கு. நான் பிருந்தாவன் ரயிலில் வந்துவிடுகிறேன் என்றேன், ஓட்ட ஆள் வேண்டும் என்றார்கள். கூண்டுக்குள் போட மகளுடைய டீ-ஷர்ட் இப்போது இல்லை. என் மனைவி அதையும் துவைத்துவிட்டாள். வீட்டில் துவைக்காத துணி வேறு எது என்று தேடியதில், கொடியில் கிடந்த என் பழைய கட்டம் போட்ட லுங்கி அகப்பட்டது. போட்டவுடன் பஞ்சு அதன்மேல் ஏறிச் சுருண்டு படுத்துவிட்டாள். அதை நான் கேட்கப் போனால், "கிளம்பற வரைக்கும் வேற கட்டிக்குங்க, அதுக்குள்ள வாசனை போயிடக் கூடாது" என்கிறார்கள்.